ஏழாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்குக் கோடை முகாம்: ஆலோசனை தேவை

மஞ்சக்குப்பம் ஆசிரியை (கேள்வி)

அனைவருக்கும் இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் வாழ்த்துகள். கடலூரிலுள்ள எங்கள் சபையில் சிறுவர்களுக்கு விடுமுறை வேதாகமப் பள்ளியும் கல்லூரிப் பிள்ளைகளுக்கு வாலிபர் முகாமும் ஆண்டுதோறும் நடந்து வருகின்றன. இரண்டுக்கும் நடுவில் ஏழாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை படிக்கிறவர்கள் எதிலும் ஒட்டாமல் இருக்கிறார்கள். செய்கைப் பாடல் பாடச் சொன்னால் கையைக் கட்டிக்கொண்டு சுவரோரம் நிற்கிறார்கள். ஒரு மணி நேரப் பிரசங்கத்தில் உட்காரவைத்தால், பின்வரிசையில் ஒருவர் முதுகில் மற்றவர் விரலால் எழுதி என்ன எழுத்து என்று கண்டுபிடிக்கும் விளையாட்டில் இறங்கிவிடுகிறார்கள். இதைக் கவனித்த எங்கள் போதகர் ஐயா, வரும் மே மாதத்தில் இவர்களுக்கென்றே மூன்று இரவுகள் தங்கும் முகாம் ஒன்றை நடத்த வேண்டும் என்று சபை மன்றத்தில் பேசி, பொறுப்பை ஞாயிறு பள்ளி ஆசிரியர்களாகிய எங்களிடம் கொடுத்திருக்கிறார்.

இடம் முடிவாகிவிட்டது. புதுச்சேரிப் பகுதியிலுள்ள கிருமாம்பாக்கத்துக்குக் கிழக்கே, பனித்திட்டுப் பக்கத்தில், சவுக்குத் தோப்பை ஒட்டிய தியான இல்லம். கடல் நடந்துபோகும் தொலைவில் இருக்கிறது. நாற்பது பிள்ளைகள் வருவார்கள் என்று எதிர்பார்க்கிறோம். மீனவர் வீட்டுப் பிள்ளைகள், சிப்காட் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள், மெட்ரிக் பள்ளிகளில் படிக்கிற வசதியான வீட்டுப் பிள்ளைகள் எனக் கலந்திருப்பார்கள். கிறிஸ்தவர் அல்லாத வகுப்புத் தோழர்களை அழைத்துவரலாமா என்று சில பிள்ளைகள் கேட்டிருக்கிறார்கள்.

நான் அறிய விரும்புவது இவைதான். இந்த வயதினருக்கு நாளை எப்படிப் பகுப்பது? வேதபாடம் எந்த முறையில் இருந்தால் அவர்கள் காது கொடுப்பார்கள்? கடற்கரைக்கு அழைத்துப் போகலாமா? கடைசி இரவில் இயேசுவை ஏற்றுக்கொள்ள அழைக்கும் ஒப்புக்கொடுத்தல் கூட்டம் வைத்து, ஏற்றுக்கொண்டதாகத் தீர்மான அட்டைகளில் கையெழுத்து வாங்குவது எங்கள் பகுதியின் வழக்கம். எத்தனை அட்டைகள் வந்தன என்று மன்றத்தில் அறிக்கை கொடுக்க வேண்டும். பதின்மூன்று வயதுப் பிள்ளையிடம் இதை எதிர்பார்ப்பது சரியா என்று எனக்கு ஐயமாக இருக்கிறது. அனுபவமுள்ளவர்கள் எழுதினால் நன்றியுள்ளவளாய் இருப்பேன்.

பாகூர் வாத்தியார்

சகோதரிக்கு வாழ்த்துகள். பள்ளியிலும் முகாமிலும் இந்த வயதுப் பிள்ளைகளோடு நெடுங்காலம் பழகியவன் என்ற முறையில் எழுதுகிறேன். சற்று நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெரும்பாலான முகாம்கள் கெட்டுப்போவது நிகழ்ச்சி நிரலில்தான். காலை ஐந்தரைக்கு மணியடித்து எழுப்பி, இரவு பத்தரை வரை ஒரு நிமிடமும் இடைவெளி இல்லாமல் நிரப்பிவிடுகிறோம். பிள்ளைகள் சும்மா இருந்தால் ஏதாவது வம்பு செய்துவிடுவார்கள் என்கிற அச்சம் நமக்கு. ஆனால் இந்த வயதுப் பிள்ளை பெரியவரிடம் வாய்திறப்பது, அந்தப் பெரியவர் வேறு ஏதோ வேலையில் பக்கத்தில் நின்றுகொண்டிருக்கும்போதுதான். ஒரு முகாமில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு குழாயடியில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்த எட்டாம் வகுப்புப் பையன், சாம்பாரின் மஞ்சள் கறையைத் தேங்காய் நாரால் தேய்த்தபடி, தலை நிமிராமலே, "அண்ணா, நான் தினமும் ஜெபம் பண்றேன், எங்கப்பா குடியை விடவே இல்லையே, ஏன்?" என்று பக்கத்தில் நின்ற வாலிபனிடம் கேட்டான். அரங்கில் எத்தனை முறை "கேள்வி இருக்கிறதா" என்று கேட்டும் அதுவரை கைதூக்காத பையன் அவன். அந்த வாலிபன் உடனே வசனம் சொல்லாமல், தன் தட்டையும் கழுவ எடுத்துக்கொண்டு, "எத்தனை நாளா இப்படி?" என்று மட்டும் திருப்பிக் கேட்டான். முகாமில் நடந்த வேதபாடங்களிலேயே சிறந்தது அதுதான் என்று நான் இன்றும் சொல்லுவேன். ஆகையால் ஒவ்வொரு நாளும் சாப்பாட்டுக்குப் பிறகும் மாலையிலும் உண்மையான ஓய்வு நேரத்தை விடுங்கள். அந்த நேரத்தில் குழுத் தலைவர்கள் தங்களுக்குள் கூட்டம் போடாமல் பிள்ளைகளின் நடுவே இருக்கட்டும்.

அடுத்தது குழு. ஆறு பிள்ளைகளுக்கு ஓர் அண்ணன் அல்லது ஓர் அக்கா. ஆண் பிள்ளைகளுக்கு ஆண், பெண் பிள்ளைகளுக்குப் பெண். மூன்று நாளும் அதே குழு, அதே தலைவர். சாப்பிடுவது, விளையாடுவது, வேதம் படிப்பது எல்லாம் அதே குழுவில். மீனவர் வீட்டுப் பையனையும் மெட்ரிக் பள்ளிப் பையனையும் நீங்களே கலந்து போடுங்கள். விருப்பத்துக்கு விட்டால் பள்ளிச் சீருடையின் நிறப்படிதான் பிரிந்து உட்காருவார்கள். தலைவர்களைத் தேர்ந்தெடுக்கும்போது நன்றாகப் பேசுகிறவர்களை விட்டுவிட்டு, பேசாமல் இருக்கத் தெரிந்தவர்களைத் தேடுங்கள். நம் சபைகளில் இவர்கள் மேடையேறாத காரணத்தாலேயே கண்ணில் படுவதில்லை.

வேதபாடத்துக்கு லூக்கா 2-ஆம் அதிகாரத்தின் கடைசிப் பகுதியை முதல் நாளில் எடுத்துக்கொள்ளுங்கள். நம் ஆண்டவரைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளையாகக் காட்டும் ஒரே இடம் அதுதான். அங்கே அவர் பிரசங்கம் செய்யவில்லை. போதகர்களின் நடுவில் உட்கார்ந்து, கேட்டுக்கொண்டும் வினாவிக்கொண்டும் இருக்கிறார். கேள்வி கேட்பது அடங்காத்தனம் என்று வீட்டிலும் பள்ளியிலும் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு இது பெரிய செய்தி. நாம் கேட்கும் கேள்விகளும் அதற்கு ஈடாக இருக்க வேண்டும். "இயேசு" என்றோ "ஜெபம்" என்றோ பதில் சொல்லித் தப்பித்துக்கொள்ளக்கூடிய கேள்வியைக் கேட்கவே வேண்டாம். "மூன்று நாள் தேடிய மரியாளின் இடத்தில் உங்கள் அம்மா இருந்திருந்தால், உங்களைக் கண்டதும் முதலில் என்ன சொல்லியிருப்பார்?" என்று கேளுங்கள், பெரிய சிரிப்பு எழும். சிரிப்பு அடங்கியபின், "உங்கள் வீட்டில் உங்களைப் பற்றி அவர்களுக்குப் புரியாதது எது?" என்று கேளுங்கள். அதற்கு மேல் நீங்கள் பேச வேண்டியது மிகவும் குறைவு. போகிற போக்கில், பொறுப்பாளர்களுக்கும் அந்தப் பகுதியில் ஒரு பாடம் உண்டு: பிள்ளை கூட்டத்தில்தான் இருப்பான் என்று எண்ணிக்கொண்டு யோசேப்பும் மரியாளும் ஒருநாள் பயண தூரம் போய்விட்டார்கள். தலை எண்ணுவதை ஒவ்வொரு இடமாற்றத்தின்போதும் செய்யுங்கள். எண்ணிச் சொல்வது ஒரே ஆளின் பொறுப்பாக இருக்கட்டும்.

இரண்டாம் நாளுக்கு 1 சாமுவேல் 3-ஆம் அதிகாரம் பொருந்தும். சாமுவேலுக்கு அப்போது பன்னிரண்டு வயது என்று பழைய யூத வரலாற்றாசிரியர் ஜொசிபஸ் எழுதுகிறார். வேதத்தில் வயது இல்லை, இளைஞன் என்பது மட்டும் தெரிகிறது. கூப்பிடுவது யார் என்று தெரியாமல் அவன் மூன்று முறை ஏலியிடம் ஓடுகிறான். ஏலி "நான் கூப்பிடவில்லை, போய்ப் படுத்துக்கொள்" என்று நேர்மையாகச் சொல்லி, கடைசியில் எப்படிச் செவிகொடுப்பது என்று கற்றுக்கொடுத்து விலகிக்கொள்கிறான். தானே கர்த்தரின் குரலாக நடிக்கவில்லை. அதோடு, மறுநாள் அந்தப் பையன் கொண்டுவந்த செய்தி ஏலிக்கே எதிரானது. அதையும் மறைக்காமல் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொள்கிறான். முகாமில் பிள்ளைகள் நம் சபையைப் பற்றியும் நம்மைப் பற்றியும் சொல்லுகிற கசப்பான வார்த்தைகளைக் கேட்கும்போது இது நினைவில் இருப்பது நல்லது.

கிறிஸ்தவரல்லாத தோழர்கள் தாராளமாக வரட்டும். ஆனால் பெற்றோரிடம் அனுப்பும் தாளில் இது கிறிஸ்தவ முகாம், வேதபாடமும் ஜெபமும் இருக்கும் என்று வெளிப்படையாக எழுதி, பெற்றோரின் கையெழுத்தைப் பெற்ற பின்னரே சேர்த்துக்கொள்ளுங்கள். "கோடைக்காலப் பயிற்சி" என்று பூசிமெழுகி எழுதுகிற வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அது பெற்றோரை ஏமாற்றுவது.

புதுவை செவிலியர்

வாத்தியார் ஐயா எழுதியதோடு உடல்நலம் பற்றிச் சிலவற்றைச் சேர்க்கிறேன். மே 4 முதல் 28 வரை பெரும்பாலும் கத்திரி வெயில். கடலோரத்தில் புழுக்கமும் சேர்வதால் வியர்வை உலராது. உடல் தன்னைக் குளிர்வித்துக்கொள்ள முடியாமல் திணறும். காலை பத்தரை மணிக்கு மேல் மாலை நான்கு மணி வரை வெளி விளையாட்டே வேண்டாம். சூரியன் கடலிலிருந்து ஆறு மணிக்கு முன்பே எழுந்துவிடுவதால், காலை ஜெபத்தையும் விளையாட்டையும் ஒன்பதுக்குள் முடித்துவிடலாம். நடுப்பகலில் மின்விசிறி உள்ள கூடத்தில் கைவேலை, நாடக ஒத்திகை, உறக்கம். உறக்கம் என்றால் சிரிக்கிறார்கள், ஆனால் பாயை விரித்துவிட்டால் பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள்.

தாகம் எடுத்தால் குடிக்கட்டும் என்று விடாமல், குழுத் தலைவரே மணிக்கொரு தடவை தண்ணீர் குடிக்கவைக்க வேண்டும். உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலங்களை நிறைய வாங்கி வையுங்கள். ஒரு பொட்டலத்தை அதில் அச்சிட்டுள்ள அளவுத் தண்ணீரில்தான் கலக்க வேண்டும். பொட்டலம் தீர்ந்தால் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீருக்கு ஆறு சமமான தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. தலைசுற்றல், வாந்தி, கால் பிடிப்பு என்றால் நிழலில் படுக்கவைத்து இதைக் கொடுக்கலாம். உடல் கொதித்து, பேச்சுக் குழறி, மயங்கினால் அது வெப்பத் தாக்கு. வாயில் எதையும் ஊற்றாமல், உடல் முழுவதும் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108-ஐ அழையுங்கள். கிருமாம்பாக்கத்திலேயே மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருப்பது உங்களுக்கு வசதி.

பெண் பிள்ளைகளில் சிலருக்கு முதல் மாதவிடாயே முகாமில் வரலாம். நாப்கின்கள், மாற்று உடைகள், மூடியுள்ள குப்பைக்கூடை ஆகியவை பெண்கள் பகுதியில் யாரையும் கேட்காமல் எடுத்துக்கொள்ளும்படி வைக்கப்பட்டிருக்க வேண்டும். எந்த அக்காவிடம் சொல்லலாம் என்பதை முதல் நாளே பெண் பிள்ளைகளிடம் மட்டும் சொல்லிவிடுங்கள். ஆஸ்துமா, வலிப்பு, ஒவ்வாமை, தினசரி மாத்திரை ஆகியவற்றைப் பெற்றோர் எழுதித் தரும் தாளில் கேளுங்கள். படுக்கையில் சிறுநீர் கழிக்கும் பழக்கத்தையும் கேளுங்கள். பன்னிரண்டு வயதிலும் சிலருக்கு அது உண்டு. அந்த வெட்கத்துக்காகவே வராமல் இருந்துவிடுகிற பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

தேவனாம்பட்டினத்துக்காரன்

கடலைப் பற்றி நான் எழுதுகிறேன், அக்கா. சுருக்கமாகச் சொன்னால், கரைக்கு அழைத்துப் போங்கள், கடலில் இறக்காதீர்கள். எங்கள் ஊரில் வெள்ளிக் கடற்கரைக்கு வந்து மூழ்கிப்போனவர்களில் அலையைப் பார்த்துப் பயந்தவர்கள் குறைவு. முழங்கால் அளவுத் தண்ணீர்தானே என்று நின்றவர்களே அதிகம். அலை திரும்பும்போது காலடி மணலை அரித்துக்கொண்டு போகும். இரண்டு அலைகளுக்கு இடையில் தண்ணீர் அமைதியாகத் தெரிகிற இடத்தில்தான் உள்ளே இழுக்கிற ஓட்டம் இருக்கும். அமைதியாக இருக்கிறதே என்று வெளியூர்ப் பிள்ளைகள் அந்த இடத்தையே தேர்ந்தெடுப்பார்கள். கோடையில் கரையோர நீரோட்டம் தெற்கிலிருந்து வடக்கே ஓடுவதால், கால் நனைக்கப் போன பிள்ளையும் தெரியாமலே வடக்கே நகர்ந்துபோய், நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும் இடத்தில் இல்லாமல் போய்விடுவான். கெடிலமும் பெண்ணையாறும் கடலில் கலக்கும் முகத்துவாரங்கள் இன்னும் மோசம். புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் கொட்டியிருக்கும் கருங்கற்களின் மேல் பாசி படிந்து வழுக்கும். சுற்றுலாவாக அங்கே போனால் கற்களின் மேல் ஏறவிடாதீர்கள்.

கால் நனைக்கத்தான் வேண்டும் என்றால், மணலில் இரண்டு கம்புகளை நட்டு அதற்கு நடுவில் மட்டும், ஒரு நேரத்தில் ஒரே ஒரு குழு, கணுக்கால் வரை. நீச்சல் தெரிந்த உள்ளூர் மீனவர் ஒருவர் தண்ணீர்ப் பக்கம் நிற்க வேண்டும். எங்கள் ஊர்ப் பையன்கள் "எனக்கு நீச்சல் தெரியும்" என்று முன்னே ஓடுவார்கள். அவர்களைப் பார்த்து மற்றவர்களும் இறங்குவார்கள். ஆகவே விதி எல்லாருக்கும் ஒன்றுதான் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

இன்னொன்றும் உண்டு. இந்தப் பிள்ளைகள் 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு பிறந்தவர்கள். ஆனால் மீனவர் வீடுகளில் அந்த நாளைப் பாட்டிமார் வாயால் கேட்டுத்தான் வளர்ந்திருக்கிறார்கள். மாற்கு 4-இல் காற்றையும் கடலையும் ஆண்டவர் அதட்டிய பகுதியைக் கடற்கரையில் உட்கார்ந்து படித்தால், "அன்றைக்கு ஏன் அதட்டவில்லை?" என்று எங்கள் பிள்ளைகளில் ஒருவர் கேட்பது உறுதி. பதில் தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லக்கூடியவரை அந்த நேரத்தில் பொறுப்பில் வையுங்கள். எங்கள் பாட்டிமாரே அதற்கு விடை சொல்லிக்கொண்டு திரியவில்லை. விளக்கேற்றி ஜெபம் செய்துவிட்டு மறுநாள் மீன் விற்கப் போனார்கள்.

மஞ்சக்குப்பம் ஆசிரியை

மூவருக்கும் மிகுந்த நன்றி. கடல் விதியை அப்படியே எடுத்துக்கொள்கிறோம். வாத்தியார் ஐயா, கடைசி இரவைப் பற்றி நீங்கள் ஒன்றும் சொல்லவில்லையே. மன்றத்தில் அதைத்தான் முதலில் கேட்பார்கள். மேலும் தீமூட்டிச் சுற்றி உட்கார்ந்து சாட்சி சொல்லும் நிகழ்ச்சியும் வேண்டும் என்கிறார் ஒரு மூப்பர்.

அருட்சகோதரி, வில்லியனூர்

நான் கத்தோலிக்கத் துறவி. உறுதிபூசுதல் என்னும் அருட்சாதனத்துக்குத் தயாராகும் இதே வயதுப் பிள்ளைகளுக்குத் தியானம் நடத்துகிறவள் என்பதால் எழுதத் துணிகிறேன். மே மாதத்துப் புழுக்கத்தில் தீமூட்டுவதை அந்த மூப்பர் ஐயாவே பக்கத்தில் உட்கார்ந்து அனுபவித்துப் பார்க்கட்டும் என்பதைத் தவிர அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. நான்கு அரிக்கேன் விளக்குகள் போதும்.

கடைசி இரவு பற்றி. மூன்று நாளாகச் சரியாகத் தூங்காத, வீட்டை நினைத்துக்கொண்டிருக்கிற, மறுநாள் தோழர்களைப் பிரியப்போகிற பிள்ளையை இருட்டில் உட்காரவைத்து, மெல்லிய இசையை ஓடவிட்டு, குரலைத் தாழ்த்திப் பேசினால் அந்தப் பிள்ளை அழும். ஒரு பிள்ளை அழுதால் பத்துப் பிள்ளைகள் அழுவார்கள். அந்த அழுகையில் தூய ஆவியாரின் செயல் எவ்வளவு, தூக்கக் கலக்கம் எவ்வளவு என்று பிரித்தறிய நம்மால் முடியாது, பிள்ளையாலும் முடியாது. ஒரு மாதம் கழித்து அந்த உணர்வு வடிந்தபின், தான் ஆண்டவரை ஏமாற்றிவிட்டதாகப் பிள்ளை நினைத்துக்கொள்வதுதான் எனக்குக் கவலை. அப்படி நினைத்துக்கொண்டு குருவிடம் பாவங்களை அறிக்கையிடும் ஒப்புரவு அருட்சாதனத்துக்கு வரவே கூச்சப்பட்ட பிள்ளைகள் உண்டு.

உயிர்த்த ஆண்டவர் இரண்டு சீடர்களோடு எம்மாவு ஊருக்கு நடந்த வழியை நாங்கள் நடத்திக்காட்டுவது வழக்கம். மாலையில் இருவர் இருவராகக் கரையோரம், பொறுப்பாளர்களின் பார்வை எட்டும் எல்லைக்குள் நடப்பார்கள், "இந்த ஆண்டில் எது நடக்கும் என்று நம்பி ஏமாந்தாய்?" என்ற ஒரே கேள்வியைப் பற்றி ஒருவர் போகும்போது பேச வேண்டும், மற்றவர் திரும்பி வரும்போது பேச வேண்டும். லூக்கா 24-இல் வழியில் சேர்ந்துகொண்ட ஆண்டவர் முதலில் செய்தது, அவர்கள் என்ன பேசிக்கொண்டு போகிறார்கள் என்று கேட்டதுதான். எருசலேமில் நடந்தது எல்லாம் அவருக்குத் தெரியும், ஆனாலும் அவர்கள் வாயாலேயே முழுவதையும் சொல்லவிட்டார். ஊர் நெருங்கியதும் இன்னும் அப்பால் போகிறவர்போலக் காட்டிக்கொண்டார். அவர்கள் வருந்திக் கேட்டுக்கொண்டதால்தான் உள்ளே போனார். பிள்ளைகளைக் கதவுவரை கொண்டுபோய் நிறுத்தலாம். தள்ளிவிட நமக்கு அனுமதி இல்லை என்று நான் அந்தப் பகுதியிலிருந்து புரிந்துகொள்கிறேன்.

நடை முடிந்தபின் இருபது நிமிட மௌனம். முதல் நாள் ஐந்து நிமிடம்கூட முடியாது, கிசுகிசுப்பார்கள், மணலை அள்ளி வீசுவார்கள், கண்டிக்காமல் விடுங்கள். மூன்றாம் நாள் நீங்களே மணியடிக்க மனமில்லாமல் இருப்பீர்கள்.

பண்ருட்டி வாலிபர் சங்கம்

மேலே எழுதியவர்களை மதிக்கிறேன், ஆனால் எல்லாரும் ஒரே பக்கம் சாய்கிறார்கள் என்பதால் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டியிருக்கிறது. நான் ஆண்டவரை ஏற்றுக்கொண்டது ஒன்பதாம் வகுப்பு விடுமுறையில், ஒரு முகாமின் கடைசி இரவில், அழுதுகொண்டே எழுந்து முன்னே போனபோது. தூக்கக் கலக்கமும் இருந்திருக்கும், இசையும் இருந்தது. அதற்காக அது பொய்யாகிவிடாது. எங்கள் வீட்டில் அப்போதிருந்த நிலையில் யாராவது என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டியிருந்தது, கூப்பிட்டார்கள். "யாரைச் சேவிப்பீர்கள் என்று இன்று தெரிந்துகொள்ளுங்கள்" என்று யோசுவா சீகேமில் கேட்டது பொதுக்கூட்டத்தில்தான். பிள்ளைகளின் மனம் புண்படுமோ என்று பயந்து அழைப்பையே விட்டுவிட்டால், முகாம் நல்ல சாப்பாடும் நல்ல பேச்சும் உள்ள சுற்றுலாவாக முடியும். அந்த வயதில் ரசிகர் மன்றமும் சாதிச் சங்கமும் நம் பிள்ளைகளைக் கூசாமல் அழைக்கின்றன. கையில் கயிறு கட்டிவிடுகின்றன. நாம் மட்டும் நாகரிகம் பார்த்து நின்றுகொண்டிருக்க வேண்டுமா?

சாப்பாடு பற்றியும் ஒரு வார்த்தை: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் என்பதால் மீன் விலை ஏறியிருக்கும், அதை நம்பித் திட்டமிடாதீர்கள்; முட்டையும் கோழியும் போதும். பலா எங்கள் ஊரிலிருந்து அனுப்புகிறோம், ஆனால் ஒரே நாளில் அளவில்லாமல் கொடுத்தால் இரவில் நீங்கள்தான் விழித்திருக்க வேண்டும்.

பாகூர் வாத்தியார்

பண்ருட்டித் தம்பி எழுதியதில் ஞாயம் இருக்கிறது. அழைப்பை விட்டுவிட வேண்டும் என்று நானும் சொல்லமாட்டேன். சாதிச் சங்கத்தைப் பற்றி அவர் சொன்னது என்னையும் உறுத்துகிறது. ஆனால் அவர் சொன்ன கதையிலேயே அவரைத் தாங்கியது எது என்று பாருங்கள்: தன்னைப் பெயர் சொல்லி ஒருவர் கூப்பிட்டார் என்கிறார். நாற்பது பேரை மொத்தமாகப் பார்த்து ஒலிபெருக்கியில் கூப்பிடுவதும், மூன்று நாள் கூடவே இருந்த அண்ணன் ஒருவர் தனித்துக் கூப்பிடுவதும் ஒன்றல்ல.

ஆகையால் என் ஆலோசனை, அழைப்பைக் கடைசி இரவிலிருந்து எடுத்துக் கடைசி நாள் காலைக்கு மாற்றுங்கள். முந்தின இரவு சகோதரி சொன்ன நடையும் மௌனமும் முடிந்து, சீக்கிரம் படுத்துத் தூங்கட்டும். காலையில் வெளிச்சத்தில், இசை இல்லாமல், சிலுவையைப் பற்றிய செய்தியைப் பதினைந்து நிமிடத்தில் தெளிவாகச் சொல்லுங்கள். பிறகு குழுக் குழுவாகப் பிரிந்து உட்கார்ந்து, ஒவ்வொரு பிள்ளையும் ஆண்டவருக்கு ஒரு கடிதம் எழுதட்டும். "உம்மை இன்னும் நம்பமுடியவில்லை" என்று எழுதவும் இடம் உண்டு என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். உறையை அவர்களே ஒட்டி, அவர்களே வைத்துக்கொள்ளட்டும். விரும்புகிறவர்கள் தங்கள் அண்ணனிடமோ அக்காவிடமோ காட்டி ஜெபிக்கச் சொல்லலாம். வேற்று மதத்துப் பிள்ளைகளைப் பெற்றோருக்குத் தெரியாமல் எந்தத் தீர்மானத்துக்கும் அழுத்தக் கூடாது.

மன்றத்துக்கு எண் வேண்டும் என்றால், எண் கொடுங்கள்: எத்தனை குழுக்கள் ஜூன் மாதம் முதல் மாதம் ஒருமுறை கூடப்போகின்றன, எந்தத் தலைவர் எந்தப் பிள்ளைகளைத் தொடர்ந்து சந்திப்பார் என்று பட்டியலிட்டுக் கொடுங்கள். அட்டைகளை எண்ணுகிற மன்றம் இதையும் எண்ணும். ஒன்றை முன்கூட்டியே கவனியுங்கள்: புதுச்சேரி அரசுப் பள்ளிகள் சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்துக்கு மாறியபின் புதுச்சேரி, தமிழ்நாடு என இரு பக்கத்துப் பள்ளி நாட்காட்டிகளும் ஒத்துப்போவதில்லை. உங்கள் பிள்ளைகளில் யாராவது எல்லைக்கு வடக்கே படித்தால் விசாரித்துக்கொண்டு தேதி வையுங்கள்.

மனம்விட்டுப் பேசச் சொல்லும் முகாமில் இன்னொரு கடமையும் நம்மேல் விழுகிறது. பிள்ளைகள் பேசத் தொடங்கினால், வீட்டிலோ பள்ளியிலோ சபையிலோ தங்களுக்கு நடந்த தவறான தொடுதலையும் சொல்லுவார்கள். "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று எந்தத் தலைவரும் வாக்குக் கொடுக்கக் கூடாது. "உன்னைக் காப்பாற்ற வேண்டியவர்களிடம் மட்டும் சொல்லுவேன்" என்று சொல்லவேண்டும். 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, பதினெட்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்குப் பாலியல் குற்றம் நடந்திருப்பதை அறிந்த எவரும் காவல்துறைக்கோ சிறார் காவல் பிரிவுக்கோ தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காமல் இருப்பதே தண்டனைக்குரியது. சபைப் பெயர் கெடும், மூப்பர்கள் வைத்துப் பேசித் தீர்க்கலாம் என்பதற்கெல்லாம் அதில் இடமில்லை. குழந்தைகள் உதவி எண் 1098-ஐக் கூடத்தில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். தலைவர்கள் எந்தப் பிள்ளையோடும் மூடிய அறையில் தனித்திருக்கக் கூடாது. பேச வேண்டுமானால் மற்றவர் கண்ணில் படும்படி திண்ணையிலோ மரத்தடியிலோ உட்காரட்டும். இரவில் பெண்கள் பகுதியில் இரண்டு அக்காமார், ஆண்கள் பகுதியில் இரண்டு அண்ணன்மார் விழித்திருக்கும் முறையை எழுதி வையுங்கள். எல்லைப்புறச் சாலைகளில் மதுக்கடைகள் அதிகம் என்பது உங்களுக்கே தெரியும். இருட்டியபின் பிள்ளைகளைச் சாலையோரமாக நடத்திக் கூட்டிப்போக வேண்டாம்.

மஞ்சக்குப்பம் ஆசிரியை

ஐயா, கடைசி நாள் காலை என்ற யோசனையைப் போதகர் ஐயாவிடம் சொன்னேன். அவருக்குப் பிடித்திருக்கிறது, மூப்பருக்கு அரிக்கேன் விளக்கு பிடிக்கவில்லை. அதைப் பார்த்துக்கொள்ளலாம். கைப்பேசியை வாங்கி வைக்கலாமா என்பது மட்டும் பாக்கி. உயிர்த்த ஆண்டவர் மீன்பிடிக்கப் போன சீடர்களுக்குக் கரையில் தோன்றிய யோவான் 21-ஐக் கரையில் வைத்துப் படிக்கவும் விரும்புகிறோம். அதற்கு உள்ளூர்க்காரர் யாராவது உதவ முடியுமா?

தேவனாம்பட்டினத்துக்காரன்

கைப்பேசியைப் பேருந்தில் ஏறும்போதே பெற்றோர் கையில் கொடுத்துவிடச் சொல்லுங்கள், அக்கா. முகாமில் வாங்கி வைத்தால் தொலைந்தது, உடைந்தது என்று பஞ்சாயத்து உங்கள் தலையில் விழும். தினமும் மாலையில் ஒரு பொறுப்பாளரின் எண்ணிலிருந்து வீட்டுக்குப் பேசவிடுங்கள்; தலைவர்களின் கைப்பேசியும் பகலில் பையிலேயே இருக்கட்டும்.

யோவான் 21-க்கு எங்கள் சித்தப்பா வருவார். விசைப்படகில் வேலை செய்கிறவர். தடைக்காலத்தில் கரையில் உட்கார்ந்து கிழிந்த வலையைச் சரிசெய்வதுதான் வேலை. இரவெல்லாம் வலை போட்டு ஒன்றும் அகப்படாமல் திரும்புவது எப்படி இருக்கும் என்று அவர் சொன்னால், பேதுருவின் சலிப்பு பிள்ளைகளுக்கு விளங்கும். நூற்றைம்பத்து மூன்று மீன்களை எண்ணியது ஏன் என்று கேட்டால், பங்கு பிரிக்க எண்ணாமல் முடியுமா என்று சிரிப்பார். அவருக்கு மேடையில் பேச வராது, பிள்ளைகள் வலையைப் பிடித்துக்கொண்டு சுற்றி உட்கார்ந்தால் பேசுவார். மாலை நான்கரைக்கு மேல் வாருங்கள், வெயில் இறங்கியிருக்கும். நாற்பது பேரையும் ஒரே நேரத்தில் கூட்டிவராமல் இரண்டு பகுதியாக அழைத்துவாருங்கள். எந்த நாள் என்று ஒரு வாரம் முன்னே சொல்லிவிட்டால் போதும்.